கதவிடுக்கில் ஒரு கால்

ஜூன் 9, திங்கள்

ஷிபானா மிஸ் தினமும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். எழுந்தேன், தோசை சுட்டேன், வகுப்புக்கு வந்தேன் என்று மூன்று வரி. அதற்கு மேல் ஆங்கிலத்தில் எனக்கு வாழ்க்கை கிடையாது. கோபமும் குத்தலும் வயிற்றெரிச்சலும் எனக்குத் தமிழில்தான் வரும். அதற்காகத்தான் இந்தத் தனி நோட்டு. மிஸ்ஸிடம் இதைக் காட்டப்போவதில்லை.

ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறேழு வருஷம் ஆகிறது. சிமெண்ட் கடை லாரி ஓட்டினேன். கடையை மூடினார்கள், லாரியும் போயிற்று. அதிலிருந்து பஸ் முதலாளிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உன்னோடதாம்மா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். நத்தம் ரோட்டில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் இப்போது பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆங்கிலம் கொஞ்சமாவது பேசத் தெரிய வேண்டுமாம். அதனால்தான் ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இந்த வகுப்பு. எனக்கு அந்தப் பள்ளிக்கூட பஸ் வேண்டும். சும்மா வீட்டில் இருப்பானேன் என்றுதான், வேறு ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் ராசாங்கம் உசிலம்பட்டி லைனில் தனியார் பஸ் ஓட்டுகிறார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவருக்கே இது சிரிப்பாக இருக்கிறது.

"ஏன்டி வேலு, இங்கிலீசு பேசுனா பஸ்ஸு நகந்துருமா? கியரு தமிழ்லதான விழுகும்?"

"ஒங்களுக்கு விழுகும். எனக்கு ஒரு மொதலாளிகூட விழுகலையே."

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு மிஸ் பலகையில் எழுதியது: கெட் யுவர் ஃபுட் இன் தி டோர். கதவிடுக்கில் உன் காலை வை என்று தமிழில் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. நிலைப்படியில் கால் வைத்து நின்றதற்காக என் அம்மா என் காதைத் திருகிய திருகு இப்போதும் வலிக்கிறது. உள்ளே வா, இல்லையென்றால் வெளியே நில், இரண்டுக்கும் நடுவில் நிற்காதே என்பாள். எழுந்து நின்று கேட்டேன்.

"மிஸ், அடுத்தவங்க வீட்டு நெலையில கால வைக்கிறதா? அது திருட்டுப்பய வேலையில்ல?"

வகுப்பே சிரித்தது. ஷிபானா மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாமான் விற்க வருகிறவன், வீட்டுக்காரம்மா கதவைச் சாத்த முடியாதபடி காலை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவானாம். அதிலிருந்து வந்த பேச்சு.

"வேலைக்கும் அப்டித்தான்க்கா. கதவு நமக்கு முழுசா தொறக்காது. கெடச்ச சின்ன வேலைய மொதல்ல புடிச்சிக்கிறணும். உள்ள நின்னுட்டோம்னா, அப்புறம் கேக்கலாம்ல?"

"அதுக்கு எங்க ஊர்ல பஸ்ஸு சன்னல் வழியா துண்டப் போடுவாய்ங்க மிஸ். எடம் புடிக்க."

மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இதுவும் பக்கத்துப் பக்கம்தான். ஆனா துண்டத் தூக்கி எறிஞ்சிருவாங்கக்கா. கால அப்டி எறிய முடியாதுல்ல" என்றார். வயசுதான் சின்னது. புத்தி பெருசு.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை. லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் பையில். என்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேச ஐந்து வாக்கியம் மனப்பாடம்.

வண்டிகளுக்குப் பொறுப்பு ஜெரால்டு சார். அவர் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. போனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரு, கூப்பிடுகிறேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னால் வந்த ஆம்பிளைகள் மே ஐ கம் இன் என்று சொல்லிக்கொண்டே, பதில் வருவதற்கு முன்னால் உள்ளே போய்விட்டார்கள். ஒருவர் போனார், வந்தார், இன்னொருவர் போனார். மரியாதை தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்தேன். நான் கூப்பிடட்டும் என்று நின்றேன். கால் மரத்துப்போனது.

கடைசியில் அவரே சாப்பிடக் கிளம்பி வெளியே வந்தார்.

"நீங்க யாரும்மா? இன்னமும் இங்கனயே நிக்கிறீங்க?"

"டிரைவர் வேலைக்கு சார்."

"அப்பவே உள்ள வர வேண்டியதுதான?"

"நீங்க கூப்புடலீங்களே சார்."

அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. டிரைவர் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார். பன்னிரண்டு சக்கர லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு அழகர்கோயில் ரோட்டில் போனவள் நான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மனப்பாடம் செய்த ஐந்து வாக்கியமும் தொண்டையிலேயே இருக்கிறது.

ராத்திரி என் வீட்டுக்காரர் வந்து, தன் பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டதாகச் சொன்னார். செக்கானூரணித் திருப்பத்தில் எதிரே வந்த லாரிக்காரன் லைட்டைத் தூக்கி அடித்ததில் கண் கூசி, ஓரத்து மரத்தில் உரசிவிட்டாராம். போன மாதமும் ஒரு லாரிக்காரன் அப்படித்தான் அடித்தான். இந்த லாரிக்காரர்களைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காய்கறி வாங்க விளாங்குடிச் சந்தைக்குப் போனோம். டிவிஎஸ் வண்டியை என்னிடம் கொடுத்து, "நீயே ஓட்டு, எனக்குக் கை வலிக்குது" என்று பின்னால் ஏறிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி பின்னால் உட்காராத மனுஷன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரும்போது மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை நீட்டி, தேதி பார்க்கச் சொன்னார். "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன்" என்றார்.

அவரிடம் கண்ணாடி எப்போதும் இருந்ததில்லை.

கத்தரிக்காய் நல்ல பிஞ்சாகக் கிடைத்தது. எண்ணெய்க் கத்தரி வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் கரண்ட் போனது. அடுப்படியில் தண்ணீர்க் குடத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தேன். அவர் பழைய இடத்தில் கையை விட்டுத் துழாவினார், சொம்பு உருண்டது. வெளியே இன்னமும் நல்ல வெளிச்சம் இருந்தது. ஜன்னலும் திறந்துதான் கிடந்தது. குடத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இனிமேல் வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதது அதன் இடத்தில் இருந்தால்தான் வீடு பார்க்க நன்றாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெரால்டு சாருக்குப் போன் போட்டு ஆயா வேலைக்கு வருகிறேன் என்றேன். மனசு ஆறவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஷிபானா மிஸ்ஸிடம் சொன்னதும் கையைத் தட்டினார். "கால உள்ள வச்சிட்டீங்கக்கா." காலை வைத்தேனா, கௌரவத்தைக் கழற்றி வெளியே வைத்தேனா என்பது போகப் போகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "லைசென்ச வச்சுக்கிட்டு ஆயாவா?" என்று மட்டும் கேட்டார். கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் தேவலை.

ஜூலை 3, வியாழன்

கத்தரிப்பூக் கலர் சேலைதான் சீருடை. ஏழாம் நம்பர் பஸ். டிரைவர் முனியசாமி அண்ணன், நல்ல மனுஷன், ஆனால் கியர் மாற்றுவது மாவாட்டுவது போல இருக்கும். அவர் கிளட்சை மிதிக்காமல் இழுக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது. நான் வாசலில் நின்று பிள்ளைகளை ஏற்றுகிறேன், மூக்கைத் துடைக்கிறேன், ஸிட் ப்ராப்பர்லி என்கிறேன். அந்த இரண்டு வார்த்தை எனக்கு இப்போது நன்றாக வருகிறது.

ஷெட்டில் பஸ்ஸை ஒதுக்கி நிறுத்த மட்டும் சாவி கேட்டேன். முனியசாமி அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஆயாம்மா, சாவி என்கிட்டயே இருக்கட்டும். ஒரு கீறல் விழுந்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

ஜெரால்டு சாரிடம் மறுபடியும் கேட்டேன். பார்க்கலாம் என்றார். போன வாரமும் பார்க்கலாம்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக நுழைந்தவள் ஆயாவாகத்தான் வெளியே போவாள் போலிருக்கிறது.

மிஸ்ஸிடம் போய் நேராகவே சொன்னேன். "கால வச்சேன் மிஸ். வச்ச கால் மேல கதவச் சாத்துறாய்ங்க. வலிக்குது."

"அப்ப தள்ளுங்கக்கா. கால வச்சா மட்டும் போதும்னு யாரு சொன்னா?"

எரிச்சலாக வந்தது. வகுப்பில் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு தள்ளு என்று சொல்வது சுலபம். ஆனால் ராத்திரிச் சமையல் முடிகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே பிடித்துத் தள்ளுவது?

ஜூலை 18, வெள்ளி

பிடி கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை நீச்சல் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். அன்றைக்கு பஸ் கிடையாது. ஏனென்றால் டிரைவர்கள் எல்லோரும் சனிக்கிழமை கல்யாண வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்விடுவார்கள். ஒரு நாள் மாற்று ஆளாக ஓட்டினால் கையில் காசும் விருந்துச் சாப்பாடும். பஸ்கள் ஷெட்டில் சும்மா வெயில் காய்கின்றன. ஸ்டாப்பில் நிற்கும் அம்மாக்களோ, சனிக்கிழமையும் பிள்ளையை நாங்களே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர வேண்டுமா என்று தினமும் என்னிடம்தான் புலம்புகிறார்கள். இத்தனை நாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன், மரமண்டை.

இன்றைக்கு அந்த அம்மாக்களில் ஒருவரான ரம்யா மேடத்திடம் ஆங்கிலத்திலேயே சொன்னேன். மேடம், நீங்கள் ஜெரால்டு சாரைக் கேளுங்கள், மற்ற அம்மாக்களையும் கேட்கச் சொல்லுங்கள் என்று. என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

அம்மாக்கள் என்றால் அம்மாக்கள்தான். அவர்கள் போன் மேல் போன் போட்டது தாங்காமல், ஜெரால்டு சார் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் மே ஐ கம் இன் என்று சொல்லி முடிப்பதற்குள் மேஜைக்கு முன்னால் நின்றேன். மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், பஸ் இஸ் தேர். சில்ட்ரன் இஸ் தேர். சாட்டர்டே டிரைவர் நோ. ஐ ஆம் தேர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மாக்களக் கெளப்பி விட்டது நீங்கதானா?"

"ஆமா சார்."

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவர் போனை நிமிர்த்தி வைத்தார். பிறகு லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். இது உன்னுடையதா என்று கேட்கவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, பிரின்ஸிபால் மேடமும் அவரும் கூடவே வருவார்களாம். அன்றைக்கு நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

ஜூலை 26, சனி

சோதனைக்கு இன்னும் ஒரு வாரம். அவர் வீட்டில் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ரிவர்ஸ் எடுப்பதைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். "பின்னாடி பாக்கும்போது அவசரப்படாத. தெரியலைன்னா நிறுத்திரு. தெரியாம வண்டி எடுக்கிறவன் டிரைவரே இல்ல" என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். நான் காபி போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாயங்காலம் தங்கப்பாண்டி வந்தார், என் வீட்டுக்காரரின் பஸ்ஸில் கண்டக்டர். வண்டியை ஷெட்டில் விடப் போன வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

"அக்கா, ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிருக்காரு. சொல்லாம இருந்தா நான் மனுசன் இல்ல."

சித்திரையிலிருந்தே இப்படியாம். இருட்டினால் தங்கப்பாண்டி பின்பக்கம் போவதே இல்லை. டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, பேச்சோடு பேச்சாக, எதிரே லாரி வருது, இடப்பக்கம் சைக்கிள் போகுது என்று சொல்லிக்கொண்டே வருவாராம். பயணிகளுக்குத் தெரியாது.

"இன்னைக்கு நல்ல வெளிச்சம்க்கா. கருமாத்தூர்ட்ட ஒரு அம்மா கையக் காட்டிக்கிட்டே ரோட்டுல எறங்குச்சு. அவரு பாக்கவே இல்ல. நான் கத்துன பெறகுதான் பிரேக்க மிதிச்சாரு. ஒரு அடி, அவ்வளவுதான்."

தங்கப்பாண்டிக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"முதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கும் லைசென்சு இருக்குல்ல. அவரு சீட்ட ஒங்களுக்கே கேட்டு வாங்கிப்புடலாம்."

இந்த வீட்டுக்கு அது ஒரு வழிதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பஸ்ஸுக்காக நான் இத்தனை மாதம் அலைந்திருக்கிறேன். ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்து அவர் சீட்டில் உட்கார்ந்தால், அந்த ஸ்டியரிங்கை நான் எப்படித் தொடுவேன்? முடியாது என்றேன். இன்றைக்கே அவரிடம் நான் பேசுகிறேன், நாளைக்கு அவர் வண்டி எடுக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வந்தார். கை கால் கழுவினார். குடத்தில் தண்ணீர் மொண்டார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நான் அந்தக் கொடத்த எடம் மாத்தாம வச்சிருக்கேன்ல, அத்தன நாளா?"

சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். இந்த நோட்டில்கூட எழுதத் துணியாததை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். உங்களுக்காகவும், கை காட்டுகிற ஒவ்வொரு சனத்துக்காகவும் பயமாக இருக்கிறது என்றேன்.

"வண்டிய விட்டு எறங்கிட்டா நான் யாருடி? அடுப்பு எப்டி எரியும்?"

கீழே வைத்த சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அடுப்ப நான் பாத்துக்கிறேன். நாளைக்கு லீவு போடுங்க. ஒரு நாள். நான் அந்தப் பள்ளிக்கூட வண்டிய ஓட்டிக் காட்டிட்டு வர்றேன். வந்த பெறகு பேசுவோம்."

அவர் தங்கப்பாண்டிக்குப் போன் போட்டு, உடம்பு சரியில்லை, ஆக்டிங் ஆளைப் பிடி என்றார். நாளைக்கு நான் ஜெயித்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆகஸ்ட் 2, சனி

கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடிகளை என் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டேன். முன் சீட்டில் பிரின்ஸிபால் மேடம், பக்கத்தில் ஜெரால்டு சார், பின்னால் பிள்ளைகள். "ஆயாம்மா டிரைவிங்" என்று ஒரே கூச்சல். ஸிட் ப்ராப்பர்லி என்றேன், உட்கார்ந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஆடி மாதத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். கடைசி ஸ்டாப்புக்குப் போகும் தெருவில் திரும்பி உள்ளே போய்விட்ட பிறகு பார்த்தால், நடுரோட்டில் பந்தல். கூழ் அண்டாவைச் சுற்றிக் கூட்டம், மைக்கில் அம்மன் பாட்டு. அகலமில்லாத தெரு. திருப்ப இடமில்லை. மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே போக வேண்டும். இரண்டு பக்கமும் பைக், கோலம், ஆட்டுக்குட்டி.

ரிவர்ஸ் போட்டேன். பின்னால் நின்று யார் குரல் கொடுப்பது? ஆயாதான் கொடுக்க வேண்டும். ஆயா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். இதை நானும் யோசிக்கவில்லை, திட்டம் போட்ட அவர்களும் யோசிக்கவில்லை. ஜெரால்டு சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"கண்ணாடிய வச்சு எடுத்துருங்களேன்மா. மேடம் டைம் பாக்குறாங்க."

மெதுவாக எடுத்தால் வந்திருக்கும். ஆனால் பின் கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெருப் பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கருமாத்தூரில் கையைக் காட்டிய அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவள்தான் கண் முன்னால் நின்றாள். இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

"சார், எனக்குப் பின்னாடி தெரியல. ஆள் இல்லாம எடுக்க மாட்டேன்."

மேடத்தின் முகம் சுருங்கியது. போயிற்று என்றுதான் நினைத்தேன். வீட்டில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அப்படியும் சாவியைத் திருப்பவில்லை.

ஜெரால்டு சார் டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் போய், "கம், கம், ஸ்லோலி கம்" என்று கத்தினார். அம்மன் பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையை நீட்டி, "சார், வரலாம் வரலாம்னு நல்லா கத்துங்க, பஸ்ஸத் தட்டுங்க" என்றேன். கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "வரலாம் வரலாம், லெப்டுல ஒடி" என்று தெருவே கத்த, ஜெரால்டு சார் பஸ்ஸின் முதுகில் தட்டிக்கொண்டே வர, மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு கோலம்கூட அழியவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். சாரின் சட்டை நனைந்திருந்தது.

மேடம் இறங்கும்போது என்னிடம் நின்றார். ஆங்கிலத்தில் பேசினார், எல்லாம் புரியவில்லை. நீ நிறுத்தினாய் பார், அதுதான் எனக்கு வேண்டும் என்கிற மாதிரி. ஜெரால்டு சார் தமிழில் சொன்னார். "திங்கக்கெழமைலருந்து நாலாம் நம்பர். அந்த டிரைவர் வேற வேலைக்குப் போறாரு. இப்போதைக்கு ஆக்டிங்தான். மூணு மாசம் பாப்போம்."

ஆக்டிங் என்றாலும் அது பஸ். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாருக்கு முன்னால்தான் அழுதேன். வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். சட்டை மாற்றித் தலை சீவியிருந்தார்.

"முதலாளியப் பாத்துட்டு வர்றேன். நானே சொல்லிட்டேன்" என்றார்.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்கலையா? எனக்குக் கெடைக்காமப் போயிருந்தா?"

"கெடைக்காட்டியும் சொல்லிருப்பேன்" என்றார். பிறகு, "கெடைச்சுதா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதன்கிழமைக்குக் கண் ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்தாயிற்று. சரி பண்ண முடியுமா, முடியாதா என்பது அன்றைக்குத் தெரியும்.

நாலாம் நம்பர் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகிறது. வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அவர் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். எனக்கு முன்னால் வேறொரு பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்த பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். அது தாண்டிப் போகிற வரைக்கும் சிரித்தபடி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகள் இருக்கும்போது ஹார்ன் அடிக்கக் கூடாது என்று ஜெரால்டு சார் சொல்லியிருக்கிறார். அடித்தேன்.

சட்டென்று திரும்பினார். முகம் நேராக என் பக்கம் வந்தது. ஆட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி, முன்னால் போ என்று காட்டியது.

அந்த இடத்தில் ஸ்டாப் கிடையாது. நான் நிறுத்தவில்லை.